நார் விரிஞ்ச பிரஷ்ல பல் தேய்க்கிறீங்களா? எப்போ மாத்தணும்... எப்படித் தெரிஞ்சுக்கிறது?

கோவை, திருப்பூர் பக்கம் பழைய டூத் பிரஷ்ஷை யாரும் சட்டுன்னு தூக்கிப் போடுறதில்லை. கொலுசு கழுவ, சீப்பு கழுவ, தையல் மெஷின்ல சிக்கின பஞ்சைத் தட்டன்னு அதுக்கு வேலை காத்திருக்கும். ஆனா அந்த வேலைக்குப் போக வேண்டிய பிரஷ், பலர் வீட்டில் இன்னும் பல் தேய்ச்சிட்டு இருக்குங்க. இதனால் என்ன பாதிப்பு? பார்க்கலாம்.

தேய்ந்த பிரஷ்ஷால் என்ன ஆகும்?

பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில்தான் 'பிளாக்' எனும் கிருமிப் படலம் அதிகம் ஒட்டும். பிரஷ் நாரின் நுனி நேராக நின்றால்தான் அந்த ஓரத்தில் நுழைந்து சுரண்டும். நார் வளைந்துவிட்டால் பல்லின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். நுரை வரும், வாய் மணக்கும். படலம் மட்டும் அப்படியே இருக்கும். அது இறுகிக் காரையானால், பிறகு எந்த பிரஷ்ஷாலும் போகாது. பல் மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

எத்தனை மாசம்?

3 முதல் 4 மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம். நார் அதற்கு முன்பே விரிந்தால் உடனே மாற்ற வேண்டும். பிரஷ்ஷின் வயதைவிட, நார் எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதுதான் முக்கியம் என ஆய்வுகளும் காட்டுகின்றன.

10 விநாடி டெஸ்ட்

பிரஷ்ஷைத் திருப்பி, தலையின் பின்பக்கம் உங்களைப் பார்க்கும்படி பிடிங்க. ஓரங்களில் நார் வெளியே நீட்டிக்கிட்டுத் தெரியுதா? மாத்திடுங்க.

ஒரே மாசத்துல விரிஞ்சிடுதா?

பெரும்பாலும் கைதான் காரணம். ரொம்ப அழுத்தித் தேய்க்கிறீங்கன்னு அர்த்தம். இதனால் ஈறு கீழே இறங்கும், பல்லின் அடிப்பகுதி தேயும், பல் கூச்சம் வரும். மென்மையான நார் உள்ள பிரஷ்ஷை ஈறு ஓரமாகச் சாய்த்து, 2 நிமிடம் மெதுவாகத் தேய்த்தால் போதும். சின்னப் பிள்ளைகள் பிரஷ்ஷைக் கடிப்பதாலும் சீக்கிரம் விரியும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மக்கள் கவனத்துக்கு

இந்த மாவட்டங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். சிறுவயதில் பல் உருவாகும்போதே புளோரைடால் வரும் பழுப்புக் கறை, பல் எனாமலிலேயே இருக்கும். எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் போகாது. பல்லும் பிரஷ்ஷும் தேய்வதுதான் மிச்சம். இதற்கு மருத்துவரைப் பார்ப்பதே வழி.

வேப்பங்குச்சிக்கு இந்தப் பிரச்னை இருந்ததா?

இல்லை. நுனியைக் கடித்து நாராக்கித் தேய்த்துவிட்டு, குச்சியைப் பிளந்து நாக்கு வழித்து, அங்கேயே எறிந்துவிடுவார்கள். மறுநாள் புதுக் குச்சி. நம்ம தாத்தா, அப்புச்சி காலத்தில் தினமும் புது பிரஷ்தான்!

செலவு எவ்வளவு?

ஒரு பிரஷ் 25 ரூபாய் என்றால், நாலு பேர் உள்ள வீட்டுக்கு வருஷத்துக்கு 16 பிரஷ், 400 ரூபாய். ஒரு பல்லுக்கு வேர் சிகிச்சை செய்யத் தனியார் கிளினிக்கில் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது சொற்பம்.

நாளைக்குக் காலையில் பேஸ்ட் வைக்கும் முன்னாடி, பிரஷ்ஷை ஒருமுறை திருப்பிப் பாருங்க. விரிஞ்சிருந்தா, அதைக் கொலுசு கழுவ எடுத்து வச்சிடுங்க.