எதிரே புலி வந்தால்

2000-ம் ஆண்டு ஆஸ்திரேலியக் கால்பந்து லீகில் எசெண்டன் அணியை யாராலும் தொட முடியவில்லை. இருபது போட்டி, இருபது வெற்றி. எதிரணி ரசிகர்கள் ஜெயிப்பதை விட்டுவிட்டு, எத்தனை புள்ளியோடு தப்பிப்போம் என்று கணக்குப் போடுகிற நிலை. கோல் அடிப்பதற்கென்றே பிறந்தவர் போல அந்த அணியில் மேத்யூ லாயிட் இருந்தார். பருவம் முடிவதற்குள் அவர் மட்டும் 109 கோல் அடித்தார். 21-வது போட்டி மெல்பர்ன் டாக்லேண்ட்ஸில், அந்த ஆண்டுதான் திறந்த புது மைதானத்தில். எதிரே வெஸ்டர்ன் புல்டாக்ஸ். மெல்பர்னின் மேற்குப் பகுதித் தொழிலாளர் பேட்டைகளில் வேர்விட்ட அணி. அதுவரை அவர்களிடம் இருந்தது 1954-ல் வாங்கிய ஒரே ஒரு கோப்பை.

அன்று புல்டாக்ஸ் தன் வழக்கமான ஆட்டத்தை ஆடவே இல்லை. பயிற்சியாளர் டெரி வாலஸ் வீரர்களைக் கூட்டம் கூட்டமாகப் பின்னால் இறக்கினார். பந்து எசெண்டன் கையில் இருக்கும்போதெல்லாம் லாயிடைச் சுற்றி ஒரு சந்தைக் கூட்டம். ஓடிவந்து எம்பிப் பிடிக்க அவருக்கு இடமில்லை. அவருக்கு உதைத்து அனுப்புகிறவருக்கோ, அவர் எங்கே நிற்கிறார் என்றே தெரியாது. கடைசி நிமிடங்களில் கிரிஸ் கிராண்ட் அடித்த கோல் புல்டாக்ஸை முன்னே கொண்டுவந்தது. சங்கு ஊதியபோது 11 புள்ளி வித்தியாசம். எசெண்டன் அந்த ஆண்டு ஆடிய 25 போட்டிகளில் தோற்றது இது ஒன்றில்தான். ஐந்தாறு வாரத்தில் மெல்பர்ன் அணியை 60 புள்ளியில் நசுக்கிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஆனால் இன்றும் அந்தப் பருவத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் கோப்பைக்குச் சமமாக அந்த ஒற்றைத் தோல்வியையும் பேசுகிறார்கள்.

இந்த ஆட்டம் நமக்குப் பழக்கமில்லாதது. இதை ஆடும் மைதானங்களில் ஒன்று மட்டும் நன்றாகவே தெரியும். மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் டிசம்பர் 26-ல் டெஸ்ட் பார்க்கிறோமே, அதே புல்வெளிதான். கிரிக்கெட் வீரர்கள் குளிர்காலத்தில் உடம்பு துருப்பிடிக்காமல் இருக்க ஓர் ஆட்டம் வேண்டும் என்று டாம் வில்ஸ் 1858-ல் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு விதிகள் எழுதப்பட்டன. நீள்வட்ட மைதானம் கிரிக்கெட் கொடுத்த சீதனம். சுமார் 160 மீட்டர் நீளம். ஒரு பக்கத்துக்கு 18 பேர். முட்டை வடிவப் பந்தை உதைக்கலாம், கையில் வைத்து முஷ்டியால் குத்தி அனுப்பலாம், எறியக் கூடாது. 15 மீட்டருக்கு மேல் உதைத்து வந்த பந்தைத் தரையில் படாமல் பிடித்தால் அது ‘மார்க்’. பிடித்தவரை யாரும் தொடக் கூடாது, நிதானமாக அடுத்த உதை உதைக்கலாம். நடுவில் நிற்கும் இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், ஆறு புள்ளி. உயரக் கம்பத்துக்கும் பக்கத்துச் சின்னக் கம்பத்துக்கும் இடையே போனால் ‘பிஹைண்ட்’, ஒரு புள்ளி.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஆஃப்சைட் கிடையாது. யாரும் எங்கேயும் நிற்கலாம். 18 பேரும் தன் கோல் வாசலில் வந்து குவிந்தால்கூடத் தடுக்க நெடுங்காலம் விதியே இல்லை. சாக்கரில் எதிரணியின் தடுப்பு வரிசை, ரக்பியில் பந்து என்று ஏதோ ஒன்று வீரர்களை முன்னே போய் நிற்க விடாமல் கட்டி வைக்கிறது. இங்கே வீரர்களைப் பரப்பி வைத்தது வெறும் மரபு. ஆட்டுக்கு ஓர் ஆள் என்று மேய்ப்பதைப் போல, முன்வரிசைக்காரர் ஒவ்வொருவரையும் ஒரு தடுப்பாளர் ஒட்டிக்கொண்டு நிற்பார். ஆளுக்கு ஆள் மோதினால் பலசாலி ஜெயிப்பான். பலம் குறைந்தவன் அந்த மோதலுக்கே போகாமல் இருந்தால்?

ஆடுபுலி ஆட்டம் ஆடிய யாருக்கும் இது புரியும். மூன்று புலி, பதினைந்து ஆடு. தனியாக மாட்டிய ஆட்டைப் புலி தாண்டி வெட்டும். ஆனால் ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாக அடைத்து நின்றால் புலிக்குத் தாண்ட இடம் இருக்காது. ஆடு எதுவும் புலியாகிவிடவில்லை. கட்டங்கள் தீர்ந்துபோயின, அவ்வளவுதான். மெல்பர்ன்காரர்கள் இந்த உத்திக்கு வைத்த பெயர் ‘ஃபிளட்’, வெள்ளம். வாலஸுக்கு முன்பே ராட்னி ஈட் போன்ற பயிற்சியாளர்கள் இதைச் சிறிய அளவில் செய்துபார்த்திருக்கிறார்கள். வாலஸ் மடையைத் திறந்துவிட்டார்.

இதில் ஒரு கஷ்டம் உண்டு, வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தப்பிவிடும். எல்லாரும் பின்னால் இருந்தால், பந்தைப் பறித்த பிறகு யாருக்கு உதைப்பது? முன்னால் ஆளே இல்லை. உதைத்த பந்து எதிரி கைக்குப் போய், அடுத்த நொடி திரும்பி வரும். வாசலில் இறைத்த தண்ணீர் திரும்ப வீட்டுக்குள் வருகிற கதை. அதனால் வெள்ளமாகப் பின்னால் போனவர்கள் பந்து கிடைத்ததும் வெள்ளமாகவே முன்னால் ஓட வேண்டும். நூறு மீட்டர் பின்னால், நூறு மீட்டர் முன்னால், இரண்டு மணி நேரம். நுரையீரல் இல்லாத அணி இந்த உத்தியை எடுத்தால் முதல் பாதியில் வீரமாகவும் கடைசிக் கால்பகுதியில் பரிதாபமாகவும் இருக்கும். இப்படிச் செத்த அணிகளுக்குக் கணக்கே இல்லை; அவற்றை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

புல்டாக்ஸ் செய்தது யோசித்துச் செய்த மாற்றம். அதைவிட அடிக்கடி நடப்பது யோசிக்காமல் நடக்கும் மாற்றம். என் பார்வையில் சுவாரஸ்யமானதும் அதுதான்.

ஒரு நடுத்தர அணியை எடுத்துக்கொள்ளுங்கள். பலவீனமான எதிரியோடு ஆடும்போது பந்து மைதானத்தின் நடுவழியே பாயும். கையால் குத்தி ஒருவர், ஓடிவந்து வாங்கி இன்னொருவர், நாற்பது மீட்டர் உதை, மார்க், கோல். ரசிகர்கள் ‘இதுதான் நம்ம ஆட்டம்’ என்பார்கள். அடுத்த வாரம் பட்டியலின் உச்சியில் இருக்கிற அணி வருகிறது. பயிற்சியாளர் எதையும் மாற்றவில்லை. அதே பதினெட்டுப் பேர், அதே திட்டம். ஆனால் தடுப்பாளர் பந்தைக் கையில் எடுத்ததும் நடுவழியைப் பார்க்கிறார். அங்கே மூன்று பேர் அடைத்து நிற்கிறார்கள். நடுவில் பந்தைப் பறிகொடுத்தால் எதிரிக்கு நேராகக் கோல் வாசல் திறந்துவிடும், தன் ஆட்களோ அப்போது பரந்து கிடப்பார்கள். ஓரத்தில் பறிகொடுத்தால் இழப்பு குறைவு. பந்து கோட்டைத் தாண்டினால் ஆட்டம் சற்று நிற்கும், மூச்சு விடலாம். ஆகவே எல்லைக்கோட்டை ஒட்டி, உயரமாக, நீளமாக, கூட்டத்தின் தலையில் போய் விழுகிற மாதிரி ஓர் உதை. ஒரு தடவை அப்படி. பிறகு ஒவ்வொரு தடவையும் அப்படி. கையால் குத்தி அனுப்புவதும் முன்னோக்கி ஓடுபவருக்குப் போகாமல் பக்கத்தில் திணறி நிற்பவருக்குப் போகும். வீட்டில் கடகடவென்று பேசுகிற பையன் தலைமையாசிரியர் முன்னால் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வானே, அது போல. யாரும் அவனைப் பேசாதே என்று சொல்லவில்லை.

மறுநாள் ரசிகர்கள் திட்டுவது பயிற்சியாளரை: ஏன் நம்ம ஆட்டத்தை ஆடவில்லை? ஆனால் ‘நம்ம ஆட்டம்’ என்பதில் பாதி, போன வாரம் எதிரி விட்டுக்கொடுத்த இடம்.

இந்தக் குழப்பத்துக்கே இடம் கொடுக்காத ஓர் அணி இருந்தது. 2005-ன் சிட்னி ஸ்வான்ஸ். பெயர் அன்னம், ஆட்டத்திலோ அன்னநடை மருந்துக்கும் கிடையாது. பயிற்சியாளர் பால் ரூஸ் எளிய எதிரி, வலிய எதிரி என்று பார்க்கவே இல்லை. எல்லாரையும் வலியவராகவே நடத்தினார். பந்து மேல் ஆட்கள் குவிவது, கட்டிப் பிடிப்பது, நடுவர் நிறுத்துவது, மறுபடி குவிவது. லீகின் தலைமை அதிகாரி ஆண்ட்ரூ டெமெட்ரியு அந்த ஆட்டம் பார்க்கச் சகிக்கவில்லை, அதை வைத்து ஜெயிப்பதும் கடினம் என்கிற தொனியில் பகிரங்கமாகவே குறை சொன்னார். நிகழ்ச்சியை நடத்துகிறவரே நடிகனை மேடையில் வைத்துத் திட்டுவது போன்ற அபூர்வக் காட்சி.

சில மாதம் கழித்து இறுதிப் போட்டி. எதிரே வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸ். கிரிஸ் ஜட் முதலான நடுக்கள வீரர்கள் பந்தோடு ஓடினால் பின்னால் புழுதிதான் மிஞ்சும் என்கிற அணி. அன்று இரண்டு அணியும் சேர்ந்து அடித்ததே 15 கோல். ஸ்வான்ஸ் 58, ஈகிள்ஸ் 54. கடைசி நொடிகளில் கோல் வாசலை நோக்கி வந்த பந்தைக் கூட்டத்துக்கு மேலே எழும்பிப் பிடித்தார் லியோ பேரி, சங்கு ஊதியது. தெற்கு மெல்பர்னிலிருந்து சிட்னிக்குக் குடிபெயர்ந்த அந்த அணிக்கு 1933-க்குப் பிறகு கிடைத்த முதல் கோப்பை. ஆட்டநாயகன் விருது மட்டும் தோற்ற அணியின் ஜட்டுக்குப் போனது. தனி ஆள் திறமையில் யார் மேல் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை என்பதற்கு அதுவே சாட்சி. அந்தப் பருவத்தின் செப்டம்பரிலிருந்து 2007 தொடக்கம் வரை இந்த இரண்டு அணியும் ஆறு முறை மோதின. வித்தியாசங்கள் 4, 4, 2, 1, 1, 1. ஆறையும் கூட்டினாலும் பதின்மூன்று புள்ளி.

ஆடுகள் ஜெயிக்கத் தொடங்கினால் என்ன ஆகும்? கட்டத்தை மாற்றி வரைவார்கள். வெள்ளம் விடும் அணிகள் களைத்த வீரரை வெளியே இழுத்து, புதிய காலை உள்ளே அனுப்பியே தாக்குப்பிடித்தன. ஆகவே ஒரு போட்டிக்கு ஓர் அணி எத்தனை தடவை ஆள் மாற்றலாம் என்பதற்கு 2014-ல் 120 என்று வரம்பு வந்தது. 2016-ல் 90, 2021-ல் 75. களைத்தால் வழி திறக்கும் என்ற கணக்கு. 2019-லிருந்து நடுவில் ஆட்டம் தொடங்கும் ஒவ்வொரு தடவையும் பின்னால் ஆறு, நடுவில் ஆறு, முன்னால் ஆறு என்று நின்றே ஆக வேண்டும். நூற்றைம்பது ஆண்டாக மரபு செய்த வேலையை விதி செய்ய வேண்டியதாயிற்று. அதற்குள் பலசாலிகளும் இந்த வித்தையைத் திருடிவிட்டார்கள். 2010-ல் மிக் மால்ட்ஹவுஸின் காலிங்வுட் அதே மனிதச் சுவரைத் தன் வாசலில் கட்டாமல் எதிரியின் வாசலில் கட்டியது. பந்து வெளியே வரவே வழியில்லை. இறுதிப் போட்டி 68-68 என்று சமனாகி, மறு வாரம் திரும்ப ஆடியபோது செயின்ட் கில்டாவை 56 புள்ளியில் முடித்தது.

இதற்கெல்லாம் நடுவே ஜீலாங் அணியின் கதை எனக்கு அலுப்பதே இல்லை. 2007-ல் அவர்கள் நடுவழியை ராஜபாட்டையாக்கியிருந்தார்கள். கையிலிருந்து கைக்குப் பந்து பறக்கும். ரிச்மண்டை ஒரு நாள் 222-க்கு 65 என்று, 157 புள்ளியில் அடித்தார்கள். அந்த ஆண்டு இறுதிப் போட்டியிலும் போர்ட் அடிலெய்டைச் சாதனை வித்தியாசத்தில், 119 புள்ளியில் புதைத்தார்கள். 2008-ல் இறுதிச் சுற்றுக்கு முன் ஆடிய 22-ல் ஒன்றே ஒன்றுதான் தோல்வி.

இறுதிப் போட்டியில் எதிரே ஹாதார்ன். பயிற்சியாளர் அலஸ்டர் கிளார்க்சன் ஆளைப் பிடிப்பதை விட்டு இடத்தைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்திருந்தார். ஒரு கொத்தாகப் பதினெட்டுப் பேரும் பந்தோடு நகர்வார்கள். ஆனால் அன்று அவர்கள் எடுத்த இன்னோர் ஆயுதம் வெட்கமே இல்லாதது. தன் வாசலில் நெருக்கடி வந்தால், ஹாதார்ன் தடுப்பாளர் பந்தைத் தானே தன் கம்பங்களுக்குள் தள்ளிவிடுவார். எதிரிக்கு ஒரு புள்ளி போகும். ஆனால் விதிப்படி மறு உதை ஹாதார்னுக்கு, நிதானமாக. ஒரு ரூபாய் அபராதம் கட்டிவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போவது போல. அப்படி 11 புள்ளியைத் தானமாகக் கொடுத்தார்கள். ஜீலாங் 11 கோல், 23 பிஹைண்ட், மொத்தம் 89. ஹாதார்ன் 18 கோல், 7 பிஹைண்ட், 115. தானமாக வந்ததையும் சேர்த்து, புள்ளி கிடைத்த தடவைகளை எண்ணினால் ஜீலாங் 34, ஹாதார்ன் 25. அதிகம் தட்டியவனுக்குக் கதவு திறக்கவில்லை. மறு ஆண்டே, வேண்டுமென்று பந்தைத் தள்ளிவிடுவது குற்றம் என்று விதி வந்துவிட்டது.

2009-ல் ஜீலாங் மறுபடி இறுதிப் போட்டிக்கு வந்தது. இந்தத் தடவை எதிரே அவர்களைவிடப் பட்டியலில் மேலே இருந்த செயின்ட் கில்டா. அந்தப் பருவத்தில் தொடர்ந்து 19 போட்டி வென்ற, தடுப்பாட்டத்தில் இரும்பான அணி. மெல்பர்னில் குளிர், ஈரம். ராஜபாட்டை ஆட்டத்துக்கு வழியே இல்லை. கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது ஜீலாங் பின்தங்கியிருந்தது. பிறகு சமன். சில நிமிடமே பாக்கி. மைதானத்தின் நடுவே ஒரு பந்து தரையில் கிடக்கிறது. தன் இடத்தை விட்டு ஓடிவருகிறார் தடுப்பாளர் மேத்யூ ஸ்கார்லெட். குனிந்து எடுத்தால் கட்டிப் பிடித்துவிடுவார்கள். எடுக்கவில்லை. தெருவில் டப்பாவைத் தட்டுகிற சிறுவனைப் போல ஷூ நுனியால் ஒரு தட்டு. பந்து கேரி ஏப்லெட் கைக்குப் போனது, அங்கிருந்து நீள உதையாகப் போனது, கடைசியில் பால் சாப்மன் கோலாக்கினார். ஜீலாங் 12 புள்ளியில் ஜெயித்தது. பந்தைக் கையிலிருந்து கைக்குப் பறக்கவிட்ட அணி, கையே படாத அந்தத் தட்டலோடு கோப்பையை வாங்கிக்கொண்டு போனது.