முகாமுக்கு எதை எடுத்துச் செல்வது?

சிலாங்கூர் மாநிலத்தின் வட எல்லையில், பெர்னாம் ஆற்றின் அருகே அமைந்துள்ள சிற்றூர் கலும்பாங். இரப்பர், செம்பனைத் தோட்டங்களைக் கடந்து கிழக்கே சென்றால் தித்திவங்சா மலைத்தொடரின் அடிவாரம் தென்படும். பள்ளி விடுமுறையில் இவ்வட்டாரத்து ஆற்றங்கரைகளில் கூடாரமிட்டுத் தங்கப் பல குடும்பங்கள் விரும்புகின்றன. சிலர் காரின் பின்னால் இழுத்துச் செல்லும் கேரவனிலும் தங்குகின்றனர். எதில் தங்கினாலும், எவ்வெப்பொருள்களை எடுத்துச் செல்வது என்பதை முன்கூட்டியே சிந்திக்க வேண்டும்.

பொருள்களைத் தேர்ந்தெடுக்கும் முன் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2022ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் அதிகாலையில், கலும்பாங் அமைந்துள்ள அதே உலு சிலாங்கூர் மாவட்டத்தில், பத்தாங்காலிக்கு அருகிலுள்ள ஒரு முகாம் தளத்தில் நிலச்சரிவு ஏற்பட்டது. அதில் 31 பேர் உயிரிழந்தனர். சரியும் மண்ணைத் தடுக்கும் கருவி எதுவும் நம் பையில் இல்லை. எனவே, செங்குத்தான சரிவின் கீழும் ஆற்றின் ஓரத்திலும் தங்கக் கூடாது. அனுமதி பெற்ற தளத்தையே நாட வேண்டும்.

ஆற்றில் மற்றோர் ஆபத்தும் உண்டு. நாம் இருக்கும் இடத்தில் வெயில் அடித்தாலும், மலைமேல் பெய்யும் கனமழையால் வெள்ளம் திடீரெனப் பாய்ந்து வரும். மலாய்மொழியில் இதனைக் 'கெப்பாலா ஆயெர்' என்பர். தெளிந்த நீர் கலங்குவதும், இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வருவதும், இரைச்சல் கூடுவதும் இதன் அறிகுறிகள். அவ்வேளையில் பொருள்களைத் திரட்டிக் கொண்டிருக்காமல் உடனே மேட்டுக்கு ஏற வேண்டும். தூரத்தில் இருப்போரை எச்சரிக்க ஓர் ஊதல் பெரிதும் உதவும். நீர் இரைச்சலில் மனிதக் குரல் அமுங்கிவிடும். ஊதலின் கூரிய ஒலியோ எளிதில் கேட்கும்.

இரவில் கைகளுக்கு வேலை இருக்கும். ஆதலால், கைவிளக்கைவிடத் தலையில் அணியும் விளக்கே வசதியானது. கைப்பேசிக்கு மின்னூட்ட ஒரு சேமிப்பு மின்கலம் வேண்டும். அவசர அழைப்பு எண் 999 என்பதை அனைவரும் மனத்தில் பதித்திருக்க வேண்டும். எனினும், காட்டுப்பகுதியில் தொலைத்தொடர்பு கிடைக்காமல் போகலாம். ஆகவே, செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டிலுள்ள ஒருவரிடம் கூறிவிட்டுப் புறப்படுவது நன்று.

ஆற்றுநீர் தெளிவாகத் தோன்றினாலும் அதில் நோய்க்கிருமிகள் இருக்கலாம். எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் பரவுகிறது. குடிநீரை வீட்டிலிருந்தே கொண்டு செல்லலாம்; அல்லது, ஆற்றுநீரை நன்கு கொதிக்க வைத்துக் குடிக்கலாம். கொசுவலையும் முதலுதவிப் பெட்டியும் உடன் இருக்க வேண்டும்.

கேரவனுக்கெனச் சில துணைக்கருவிகள் உள்ளன. நிறுத்திய வண்டி உருளாதிருக்கச் சக்கரங்களுக்குத் தடைக்கட்டை இட வேண்டும். வண்டி சமமாக நிற்கிறதா என்பதை ரசமட்டம் காட்டும். இவற்றைவிட இன்றியமையாதது கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி. மூடிய இடத்தில் எரிவாயு அடுப்பையோ கரி அடுப்பையோ எரித்தால் இந்த நச்சுவாயு சேரக்கூடும். இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர் விழிக்காமலேயே மயங்கி இறக்க நேரிடும். எனவே, மழை பெய்தாலும் கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டக் கூடாது.

மடக்கு நாற்காலியும் வண்ண விளக்குகளும் முகாமை இனிமையாக்கும். அவை இல்லாவிட்டாலும் பாதகமில்லை. சில ரிங்கிட் விலையுள்ள ஊதலை மறந்தால், ஆபத்து நேரத்தில் அதன் குறை தெரியும். பொருள்களை அடுக்கும்போது பாதுகாப்புக்கானவற்றை முதலில் வைப்போம். எஞ்சிய இடத்தை மற்றவற்றுக்கு ஒதுக்குவோம்.