வெறுங்கால் காலணி: வாங்கலாமா, வேண்டாமா?

பள்ளிக் குறுக்கோட்டம் நெருங்கிவிட்டால் மாணவர்களின் பேச்சு காலணியைச் சுற்றியே வரும். எது இலேசு, எது வேகம், எந்தக் கடையில் கழிவு என்று பேசிக்கொண்டே வரும்போது யாராவது ஒருவர் ‘வெறுங்கால் காலணி’யைப் பற்றிக் கேட்பார். மெல்லிய அடிப்பாகம், அகன்ற முன்பகுதி, சில வகைகளில் கையுறையைப் போல ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி உறை. “மனிதன் வெறுங்காலோடு ஓடப் பிறந்தவன். இதைப் போட்டால் காயமே வராது” என்பது இந்தக் காலணியைப் பற்றி அடிக்கடி காதில் விழும் பேச்சு. விலையோ சில நூறு ரிங்கிட்.

அப்பா, அம்மாவிடம் பணம் கேட்பதற்கு முன் அந்தப் பேச்சு உண்மைதானா என்று சோதித்துப் பார்ப்போம். அதற்குப் படிவம் 4 இயற்பியலும் கொஞ்சம் உயிரியலும் போதும்.

எதை வெறுங்கால் காலணி என்கிறோம்?

வழக்கமான ஓட்டக் காலணியை எடுத்துப் பக்கவாட்டில் பாருங்கள். குதிகாலுக்குக் கீழே தடித்த நுரைமெத்தை இருக்கும். பல காலணிகளில் குதிகால், முன்பாதத்தைவிட ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும். இன்றைய பந்தயக் காலணிகளில் அடிப்பாகம் இன்னும் தடிமன். சாலை ஓட்டப் பந்தயங்களில் அது 40 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று உலகத் தடகள அமைப்பு 2020-ஆம் ஆண்டில் வரம்பு வைக்கும் அளவுக்கு நிலைமை போய்விட்டது.

வெறுங்கால் காலணி இதற்கு நேர் எதிர். அடிப்பாகம் மெல்லியது, குதிகாலும் முன்பாதமும் ஒரே மட்டத்தில் இருக்கும். ஒரு காலணி எந்த அளவுக்கு இந்த வகையைச் சேர்ந்தது என்று மதிப்பிட, 2015-இல் 11 நாடுகளைச் சேர்ந்த 42 வல்லுநர்கள் கூடி ஒரு குறியீட்டை உருவாக்கினார்கள். எடை, அடிப்பாகத்தின் தடிமன், குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வேறுபாடு, வளையும் தன்மை, பாதத்தின் அசைவைக் கட்டுப்படுத்தும் அமைப்புகள் ஆகிய ஐந்துக்கும் சம மதிப்பு. கடையில் விளம்பர அட்டையைப் படிப்பதை விட்டு, இந்த ஐந்தையும் நீங்களே பார்க்கலாம்.

நம் நாட்டுக்கு இந்த வகைக் காலணி புதிதும் அல்ல. ‘அடிடாஸ் கம்போங்’ என்று மக்கள் வேடிக்கையாகப் பெயர் வைத்த கறுப்பு ரப்பர் காலணியைப் பார்த்திருப்பீர்கள். பெயரில் மட்டும்தான் அடிடாஸ். அந்த நிறுவனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. மெத்தை கிடையாது, குதிகால் உயரம் கிடையாது, கையால் மடித்தால் மடியும். தோட்ட வேலைக்குப் போனவர்களும், காட்டுப்பாதையில் ஓடுபவர்களும், கினபாலு மலையில் சுமை தூக்குபவர்களும் அணிந்த காலணி அது. வெறுங்கால் காலணியின் மலிவான உறவுக்காரர் என்று சொல்லலாம்.

பாதம் தரையைத் தொடும் நொடி

ஓடும்போது பாதம் தரையில் மோதி நிற்கிறது. அப்போது அதன் உந்தம் சுழியாகிறது. உந்தம் மாறும் அளவை, அந்த மாற்றத்துக்கு ஆன நேரத்தால் வகுத்தால் விசை கிடைக்கும் என்று படித்திருக்கிறீர்கள். நேரம் நீண்டால் விசை குறையும். பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுப்பது இதனால்தான். காலணியின் நுரைமெத்தையும் அதே வேலையைத்தான் செய்கிறது. அது நசுங்கும் நேரத்தில் மோதல் நீள்கிறது.

மெத்தை இல்லாவிட்டால்? வெறுங்காலோடு கெட்டியான தரையில் குதிகாலை ஊன்றி ஓடினால் வலிக்கும். அதனால் பலருடைய உடல் தானாகவே பாணியை மாற்றிக்கொள்கிறது. முன்பாதம் முதலில் தொடும், பிறகு குதிகால் மெல்ல இறங்கும்.

ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேனியல் லீபர்மன் குழுவினர் இதை அளந்து, 2010-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். தரையில் மோதும்போது உடல் முழுவதும் ஒரே நேரத்தில் நிற்பதில்லை. ஒரு சிறு பகுதிதான் சட்டென நிற்கிறது. குதிகாலை ஊன்றுபவர்களிடம் அந்தப் பகுதி சராசரியாக உடல் நிறையில் 6.8 விழுக்காடு. வெறுங்காலோடு முன்பாதத்தை ஊன்றிப் பழகியவர்களிடம் 1.7 விழுக்காடு. உங்கள் நிறை 50 கிலோகிராம் என்றால் முதல் வகையில் 3.4 கிலோகிராம், இரண்டாம் வகையில் 0.85 கிலோகிராம். மோதலின் அந்த முதல் ‘தடால்’ ஏன் முன்பாத ஓட்டத்தில் காணாமல் போகிறது என்பது புரிகிறதா? வெறுங்கால் காலணிகள் உலகெங்கும் பரபரப்பாக விற்பனையாகத் தொடங்கியதும் இந்தக் காலகட்டத்தில்தான்.

சுமை எங்கே போனது?

இங்கேதான் கவனிக்க வேண்டும். முதல் மோதல் குறைந்தாலும் உங்கள் உடலின் எடை குறையவில்லை. ஒவ்வோர் அடியிலும் ஒரே கால் உங்களைத் தாங்கி, மீண்டும் மேலே தள்ள வேண்டும். ஓடும்போது அந்த விசை உடல் எடையைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு வரை உயரும். 50 கிலோகிராம் மாணவருக்கு எடை 500 நியூட்டன். விசையோ 1,250 நியூட்டன்.

முன்பாதத்தை ஊன்றும்போது பாதம் ஒரு நெம்புகோல் ஆகிறது. கணுக்கால் மூட்டுதான் சுழலிடம். முன்பாதம் அதிலிருந்து ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னால் குதிகாலை இழுத்துப் பிடிக்கும் அக்கிலிஸ் தசைநாண் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. இரு பக்கமும் சமநிலை அடைய, 1,250-ஐ 12-ஆல் பெருக்கி 5-ஆல் வகுங்கள். 3,000 நியூட்டன்! அதாவது அந்த ஒரு தசைநாண் உங்கள் உடல் எடையைப்போல ஆறு மடங்கு விசையைத் தாங்குகிறது. குதிகாலை ஊன்றி இறங்கும்போது இந்தச் சுமையில் ஒரு பங்கை முழங்கால் ஏற்றுக்கொள்கிறது.

ஆக, வெறுங்கால் காலணி சுமையை இடம் மாற்றுகிறது. முழங்காலுக்கு வேலை குறைகிறது. கெண்டைக்கால் தசை, அக்கிலிஸ் தசைநாண், கால் விரல்களுக்குப் பின்னால் நீண்டிருக்கும் ஐந்து மெல்லிய எலும்புகள் ஆகியவற்றுக்கு வேலை கூடுகிறது. ஓர் அடி ஒரு மீட்டர் என்று கொண்டால், 5 கிலோமீட்டர் ஓட்டத்தில் ஒவ்வொரு காலும் 2,500 முறை இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

உங்கள் வயதில் இன்னொன்றும் உண்டு. அக்கிலிஸ் தசைநாண் ஒட்டியிருக்கும் குதிகால் எலும்பில், வளரும் பருவத்தில் ‘வளர்ச்சித் தகடு’ என்ற மென்மையான பகுதி இருக்கும். திரும்பத் திரும்ப இழுபட்டால் அது வலிக்கத் தொடங்கும். ஓடியாடும் 8 முதல் 14 வயதுப் பிள்ளைகள் குதிகால் வலியோடு மருத்துவரிடம் போவதற்கு இது முக்கியக் காரணம்.

எலும்புக்கு அவகாசம் வேண்டும்

புதிய சுமை வந்தால் எலும்பு தன்னைப் பலப்படுத்திக்கொள்ளும். ஆனால், அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் சில உயிரணுக்கள் பழைய எலும்பை அரித்து அகற்றும். பிறகு வேறு உயிரணுக்கள் புதிய எலும்பை நிரப்பும். அகற்றும் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும். நிரப்பும் வேலைக்கு மாதக்கணக்கில் ஆகும். வீட்டைப் புதுப்பிக்கச் சுவரை இடித்துவிட்டுக் கொத்தனாருக்காகக் காத்திருப்பது போன்ற நிலை. அந்த இடைவெளியில் சுமையை ஏற்றிக்கொண்டே போனால் எலும்பில் மயிரிழை போன்ற வெடிப்பு விழலாம்.

2013-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு இதைக் கண்ணெதிரே காட்டியது. ஓடிப் பழகிய 36 பேரில் 19 பேர், பத்து வாரங்களில் படிப்படியாக விரல் உறைக் காலணிக்கு மாறினார்கள். மற்றவர்கள் பழைய காலணியிலேயே ஓடினார்கள். முன்னும் பின்னும் எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தபோது, மாறிய 19 பேரில் 10 பேருக்குப் பாத எலும்பின் மஜ்ஜையில் நீர்கோத்த வீக்கம் கூடியிருந்தது. எலும்பு திணறுகிறது என்பதற்கான முன்னறிவிப்பு அது. இவர்கள் புதிதாக ஓட வந்தவர்கள் அல்லர் என்பதை மறக்க வேண்டாம்.

“ஆனால் பிக்கிலா?”

எத்தியோப்பியாவின் அபெபெ பிக்கிலா 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலோடு ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 வினாடியில் வென்றார். வெறுங்கால் ஓட்டத்தின் ஆதரவாளர்கள் தவறாமல் சொல்லும் சான்று இது. அவர்கள் பெரும்பாலும் சொல்லாத செய்தி: நான்கு ஆண்டுகள் கழித்துத் தோக்கியோவில் அவரே காலணி அணிந்து ஓடி, 2 மணி 12 நிமிடம் 11 வினாடியில் மீண்டும் வென்றார். அப்படியானால் காலணிதான் வேகம் என்று முடிவு கட்டலாமா? அதுவும் கூடாது. பாதை வேறு, வானிலை வேறு, பயிற்சியும் வேறு. மாறிகளைக் கட்டுப்படுத்தாத சோதனையிலிருந்து முடிவு எடுக்க முடியாது என்று அறிவியல் கூடத்தில் படித்தது இங்கேயும் பொருந்தும்.

வெறுங்காலோடு ஓடும் எல்லாரும் முன்பாதத்தைத்தான் ஊன்றுகிறார்கள் என்பதும் சரியில்லை. வட கென்யாவில் வெறுங்காலோடு வாழும் தாசனாச் மக்களை ஓடச்செய்து பார்த்த ஆய்வு 2013-இல் வந்தது. தங்களுக்கு வசதியான வேகத்தில் ஓடியபோது 72 விழுக்காட்டு அடிகளில் அவர்கள் குதிகாலையே முதலில் ஊன்றினார்கள்.

காயம் குறையும் என்ற வாக்குறுதி என்னவாயிற்று? பெரியவர்களின் ஓட்டக் காலணிகளைப் பற்றிய 12 சோதனைகளை, மொத்தம் 11,240 பேரின் தரவுகளோடு, காக்ரேன் அமைப்பு 2022-இல் தொகுத்து ஆராய்ந்தது. எந்த வகைக் காலணியும் மற்றொன்றைவிடக் காயத்தைக் குறைக்கிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. அதற்கு முன்பே, விரல் உறைக் காலணியைத் தயாரிக்கும் வைப்ரம் நிறுவனம், அதன் உடல்நல விளம்பரங்களுக்கு ஆதாரம் போதாது என்று தொடரப்பட்ட வழக்கில் 2014-இல் 37.5 லட்சம் அமெரிக்க டாலர் ஒதுக்கிச் சமரசம் செய்துகொண்டது. தவறு செய்ததாக அது ஒப்புக்கொள்ளவில்லை.

நன்மையே இல்லையா?

இருக்கிறது. காலணியின் எடை 100 கிராம் கூடினால் ஓடுவதற்குச் செலவாகும் ஆற்றல் ஏறக்குறைய 1 விழுக்காடு கூடும். ஆகவே, இலேசான காலணி நல்லதுதான். ஆனால், மெத்தை வைத்த இலேசான காலணியோடு ஒப்பிட்டால் வெறுங்காலுக்கு ஆற்றல் சேமிப்பு எதுவும் இல்லை என்று 2012-இல் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இரண்டாவது நன்மை பாதத் தசைகளின் பலம். 57 ஓட்டக்காரர்களைக் கொண்டு 2019-இல் வெளிவந்த ஆய்வில், எட்டு வாரங்கள் வெறுங்கால் காலணியில் நடந்தவர்களின் பாதத் தசைகள் பலம் பெற்றன. கவனியுங்கள், ஓடியவர்கள் அல்லர், நடந்தவர்கள். காலணி மாற்றாமல் பாதத்துக்கு உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன் கிடைத்தது. குதிகாலை மெதுவாக உயர்த்தி இறக்குவதற்கும், தரையில் விரித்த துண்டைக் கால் விரல்களால் சுருட்டி இழுப்பதற்கும் ஒரு காசும் செலவில்லை.

அப்படியானால் முடிவு?

குறுக்கோட்டம் இன்னும் சில வாரங்களில் என்றால் வாங்காதீர்கள். உங்கள் எலும்புக்கு அந்த அவகாசம் போதாது. பழகிய காலணியிலேயே ஓடுங்கள்.

குதிகால், கெண்டைக்கால், பாதம் ஆகியவற்றில் ஏற்கெனவே வலி இருந்தாலும் வேண்டாம். சுமை போய்ச் சேரும் இடமே அதுதான்.

காயம் வராது, வேகம் கூடும் என்று நம்பி வாங்குவதாக இருந்தால், அந்தப் பணத்துக்குக் காலுக்குச் சரியாகப் பொருந்தும் இலேசான சாதாரணக் காலணி வாங்கலாம்.

பந்தயம் எதுவும் இல்லாத நீண்ட காலம் கையில் இருக்கிறது, உடம்பு நலமாக இருக்கிறது, பொறுமையும் இருக்கிறது என்றால் முயன்று பார்க்கலாம். முதல் சில வாரங்கள் அதில் நடக்க மட்டும் செய்யுங்கள். பிறகு பள்ளித் திடலின் புல்தரையில் 200, 300 மீட்டர் ஓடுங்கள்; மற்ற பயிற்சியெல்லாம் பழைய காலணியில். தூரத்தை மாதக்கணக்கில் கூட்டுங்கள். பாதத்தின் மேற்புறத்தில் ஒரே இடத்தை அழுத்தினால் வலிக்கிறது என்றால் அன்றே நிறுத்தி, உடற்கல்வி ஆசிரியரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

காலணியே வேண்டாம், வெறுங்காலே போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர் ஈரமண்ணில் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் தோலைத் துளைத்து உடலுக்குள் நுழையக்கூடும். உடைந்த கண்ணாடி, நண்பகல் வெயிலில் காய்ந்த தார்ச்சாலை ஆகியவற்றையும் நினைத்துப் பாருங்கள்.

செய்து பாருங்கள்

1. உங்கள் ஓட்டக் காலணியைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். குதிகாலிலும் முன்பாதத்திலும் அடிப்பாகத்தின் தடிமனை அளந்து, வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. நண்பர் ஒருவரைக் கைப்பேசியில் மெதுவோட்டக் காணொளி எடுக்கச் சொல்லுங்கள். கேமரா தரையோடு ஒட்டி, பக்கவாட்டில் இருக்க வேண்டும். காலணியோடு ஒருமுறையும், கல், கண்ணாடி இல்லாத சுத்தமான தரையில் காலுறை மட்டும் அணிந்து ஒருமுறையும் 20 மீட்டர் மெல்லோட்டம் ஓடுங்கள். எந்தப் பகுதி முதலில் தரையைத் தொடுகிறது?

3. இதையே ஐந்து நண்பர்களிடம் செய்து அட்டவணைப்படுத்துங்கள். எல்லாருடைய கால்களும் ஒரே மாதிரி இறங்குகின்றனவா? வேகம் கூடும்போது மாறுகிறதா? வேகத்தைக் கட்டுப்படுத்தும் மாறியாக வைக்க என்ன செய்யலாம் என்று யோசித்து எழுதுங்கள்.