கல்லூரி விளையாட்டு வீரரும் கைப்பொருளும்

கல்விக்கூடங்களில் விளையாட்டு எதன்பொருட்டு நடைபெறுகின்றது என்று வினவுவார்க்கு, உடல் உறுதியும் உள்ளத் தெளிவும் ஒற்றுமையும் பெறுதற்பொருட்டு என்று நாம் விடை கூறுகின்றோம். அவ்விடை உண்மையே. ஆயினும், விளையாட்டிற் சிறந்து கல்லூரிக்குக் கேடயமும் புகழும் ஈட்டித் தரும் மாணவனுக்கு, உபகாரச் சம்பளத்தின் மேலாகவும் பொருள் அளித்தல் முறையா என்னும் வினா இந்நாளில் உலகின் சில பகுதிகளிற் பெரிதாக எழுந்துள்ளது. அவ்வினா நம் காரைக்காற் பகுதிக்கும் உரியதே. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

பொருள் பெறாது ஆடுவதே உயர்ந்தது என்னுங் கொள்கை எங்கிருந்து வந்தது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். இங்கிலாந்தில் ஹென்லி என்னும் ஊரில் நடைபெறும் படகுப் போட்டிக்கு 1879 ஆம் ஆண்டில் ஒரு விதி வகுக்கப்பெற்றது. கூலிக்குப் படகுவேலை செய்தவரும், கைத்தொழிலாளரும், உடலுழைப்பால் வாழ்வோரும் அப்போட்டியிற் கலந்துகொள்ளல் ஆகாது என்பது அவ்விதி. முன்னோர் தேடிவைத்த செல்வத்தில் வாழ்வோர் தமக்குள் ஆடி மகிழ்தற்கு இட்ட வேலி அது என்பது வெளிப்படை. அவ்விதியை நம் கிளிஞ்சல்மேட்டிற்கோ பட்டினச்சேரிக்கோ கொணர்ந்து பார்ப்போம். இளமை முதல் அலையோடு பழகித் தந்தையுடன் கடலுக்குச் செல்லும் இளைஞன், அப்பழக்கம் ஒன்றினாலேயே போட்டிக்கு உரியன் ஆகான்! எனவே, ‘பொருள் வேண்டாத விளையாட்டு’ என்பது பிறப்பிலேயே அறமாகப் பிறந்ததன்று. வசதியுடையார் வகுத்த வழக்கமாகவே தொடங்கிற்று.

இனி, இவ்வினா முற்றி வழக்குமன்றம் ஏறிய அமெரிக்க ஐக்கிய நாடுகளின் செய்தியைக் காண்போம். அந்நாட்டிற் கல்லூரிகளுக்கிடையே நிகழ்ந்த முதற்போட்டி, 1852 ஆம் ஆண்டில் ஹார்வர்டு, யேல் என்னும் இரு கல்லூரி மாணவரும் ஓர் ஏரியிற் படகு செலுத்திய போட்டியாகும். தன் வண்டியில் மக்கள் திரண்டு வருதலை விரும்பிய ஓர் இருப்புப்பாதைக் கம்பெனியே அதன் செலவை ஏற்றது. ஆகவே, பிற்காலத்திற் பணம் புகுந்து தூய விளையாட்டைக் கெடுத்தது என்பார் கூற்று முற்றும் பொருந்தாது. பணம் முதல் நாளிலேயே கரையில் வந்து நின்றது. துடுப்பு வலித்தவர் கைக்கு மட்டும் வந்திலது.

1906 இல் அந்நாட்டுக் கல்லூரிகள் கூடி ஒரு விளையாட்டுச் சங்கம் அமைத்தன. 1956 முதல் அச்சங்கம் விளையாட்டு வீரர்க்கு உபகாரச் சம்பளம் தர இசைந்தது. அதன்மேல் ஊதியம் பெறலாகாது எனத் தடுத்தது. அந்நாளில் நிகழ்ந்த ஒரு துயரச் செய்தி நம் சிந்தனைக்கு உரியது. கொலராடோ மாகாணத்தில் ரே டெனிசன் என்னும் மாணவர் தம் கல்லூரிக்காக 1955 இல் கால்பந்து ஆடுகையில் தலையில் அடியுண்டு இறந்தார். அவர்தம் மனைவி, வேலைசெய்கையில் இறந்த தொழிலாளியின் குடும்பத்திற்கு உரிய ஈட்டுத்தொகையை வேண்டினார். கல்லூரி கால்பந்தைத் தொழிலாக நடத்தவில்லை என்று கூறி, 1957 இல் அம்மாகாண உயர்மன்றம் அதனை மறுத்துவிட்டது. ‘மாணவ வீரர்’ என்னும் தொடரே, அவர் தொழிலாளர் அல்லர் என்று காட்டுதற்காக அச்சங்கத்தார் அக்காலத்திற் பரப்பிய தொடராகும். ஒரு சொல்லாட்சி எத்துணைப் பெரிய கடனையும் கணக்கினின்று நீக்கவல்லது என்பதற்கு இஃது ஒரு சான்று.

பின்னர்த் தொலைக்காட்சியின் வாயிலாக அவ்விளையாட்டுக்களில் அளவிறந்த பொருள் குவிந்தது. பயிற்றுநர் கோடிக்கணக்கில் ஊதியம் பெற்றனர். வீரர் வழக்காடினர். 2021 ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 21 ஆம் நாள் அந்நாட்டு உச்சநீதிமன்றத்தின் நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமனமாய், கல்வி தொடர்பான உதவிகளுக்குச் சங்கம் வரம்பிடுதல் சட்டத்திற்கு மாறானது என்று தீர்த்தனர். அடுத்த திங்களிலேயே வீரர் தம் பெயராலும் உருவத்தாலும் பொருள் ஈட்ட இசைவு பெற்றனர். 2025 ஜூன் 6 இல் மற்றொரு வழக்கு உடன்பாடாய் முடிந்தது. முன்னாள் வீரர்க்கு ஏறக்குறைய 280 கோடி டாலர் தரவும், 2025-26 ஆம் ஆண்டில் ஒவ்வொரு கல்லூரியும் தன் வீரர்க்கு ஏறக்குறைய 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரே பகிர்ந்தளிக்கவும் அது வழி செய்தது. ஆயின், பங்கின் பெரும்பகுதி கால்பந்து வீரர்க்கும் ஆடவர் கூடைப்பந்து வீரர்க்குமே சேரும் என்று கூறி, வீராங்கனையர் சிலர் மேல்முறையீடு செய்தனர். பகிர்வு தொடங்கிய இடத்தில் அதன் நேர்மை பற்றிய பூசலும் உடன் தொடங்கிற்று.

இச்செய்திகளை நம் நாட்டிற்கு அப்படியே பொருத்துதல் இயலாது. நம் கல்லூரித் திடல்களில் நுழைவுச் சீட்டு இல்லை. தொலைக்காட்சி உரிமையும் இல்லை. கூடிநின்று ஆரவாரிப்போர் உடன் பயிலும் மாணவரே. வருவாய் இல்லாதபொழுது அதிற் பங்கு கேட்பது எங்ஙனம்?

இதற்கு நம் கடற்கரை ஊர்களிலேயே ஒரு விடை உண்டு. படகு கரை சேர்ந்து மீன் விற்றபின், எண்ணெய், பனிக்கட்டி, உணவு ஆகியவற்றிற்கு ஆன செலவை முதலிற் கழிப்பர். எஞ்சியதையே படகிற்கும் வலைக்கும் ஆளுக்குமாகப் பங்கிடுவர். மீன் மிகப்பட்டால் பங்கு மிகும். படாத நாளிற் பங்கு இல்லை. ஆயினும், பொதுத்தொழிலுக்கு ஆன செலவை ஓர் ஆளின் தலையில் மட்டும் ஏற்றுவதில்லை. அமெரிக்கக் கல்லூரி மீன் நிறைந்த படகு. ஆண்டுப் பங்கு கேட்பது நியாயம். நம் கல்லூரி மீன் படாத படகு. ஈண்டுப் பங்கு இல்லை எனினும், செலவை வீரன் மட்டுமே சுமத்தல் நியாயமாகாது.

அச்செலவு யாது? காரைக்கால் நாற்புறமும் கடலாலும் தமிழ்நாட்டாலும் சூழப்பெற்ற சிறு நிலப்பகுதி. வடக்கே நண்டலாறு கடந்தாலும், தெற்கே வாஞ்சூர் கடந்தாலும் வேற்று மாநிலம். இங்குள்ள அரசு கலைக்கல்லூரி சார்ந்துள்ள புதுவைப் பல்கலைக்கழகமோ ஏறத்தாழ 130 கிலோமீட்டர்க்கு அப்பால் உள்ளது. அங்கு ஆடச் செல்லும் மாணவன் வழிச்செலவும் உணவும் தேட வேண்டும். காலணி ஓராண்டும் தாங்காது. முழங்கால் பிறழ்ந்தால் மருத்துவச் செலவு வேறு. அரசு கல்லூரியிற் கட்டணம் சிறிதாதலின், அதனை விலக்குதல் பெரும் உதவியும் அன்று. எல்லாவற்றினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. விடுமுறை நாளில் வயலிலோ படகிலோ பெற்றிருக்கக்கூடிய கூலியை அவன் இழக்கின்றான். செல்வர் வீட்டு மகனுக்கு மாலைப் பயிற்சி பொழுதுபோக்கு. எளியோர் வீட்டு மகனுக்கு அது குடும்பம் விட்டுக்கொடுத்த வருவாய். மகளாயின், வீட்டாரின் இசைவைப் பெறுவதே முதற்போட்டியாகும்.

அரசுகள் சில உதவிகளைச் செய்கின்றன. மைய அரசின் ‘கேலோ இந்தியா’ திட்டத்தில் தேர்வு பெற்றோர், பயிற்சியும் உறையுளும் அன்றிக் கைச்செலவிற்கென ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் பெறுகின்றனர். தமிழ்நாட்டின் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் கல்லூரி மாணவர்க்கும் தனிப்பிரிவு உண்டு. வென்றார்க்குப் பணப்பரிசும் உண்டு. இவை போற்றத்தக்கனவே. ஆயினும், வென்றவனுக்கே பரிசு. தேர்வு பெற்றவனுக்கே உதவித்தொகை. அணியில் எஞ்சியோரும் அதே வெயிலில் ஓடியவரே. அவர்தம் செலவை ஏற்கும் கடன் கல்லூரிக்கே உரியது.

ஊதியம் என்று வந்துவிட்டால் விளையாட்டின்மீதுள்ள அன்பு குன்றும், தோழர்க்குள் பொறாமை மூளும் என்பர். அவ்வச்சம் பொய்யன்று. ஆதலின், கல்லூரி மாதச் சம்பளம் வழங்குதலை யான் வேண்டுகிலேன். நான்கே வேண்டுகின்றேன். வழிச்செலவு, உணவு, காலணி ஆகியன அணியினர் அனைவர்க்கும் ஒப்ப அளிக்கப்பெறுக. ஆட்டத்தில் ஊறுபட்டால் மருத்துவச் செலவைக் கல்லூரி ஏற்க. ஊறுபட்டமையால் ஆட இயலாதுபோனவனுக்கும் பட்டம் பெறுமளவும் உபகாரச் சம்பளம் நிறுத்தப்படாதிருக்க. வீரன் படத்தைச் சேர்க்கை விளம்பரத்தில் அச்சிடும் கல்லூரி, அவன் இசைவைப் பெற்று அதற்குரிய பயனையும் அளிக்க. இவற்றுள் எதுவும் அன்பைக் குறைக்காது, அச்சத்தையே குறைக்கும்.

நம் போன்ற மிஷன் கல்லூரிகளில் விளையாட்டிற்கு என்றும் மதிப்பு உண்டு. கூடைப்பந்து 1891 இலும் கைப்பந்து 1895 இலும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தாரிடையே தோன்றின. 1920 இல் ஹாரி குரோ பக் என்பார் சென்னையில் அச்சங்கத்தின் உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். தொண்டுள்ளமே அம்மரபின் உயிர். அத்தொண்டுள்ளத்தைக் காட்டியே, வீரர் ஒன்றும் கேட்கலாகாது என்று சிலர் கூறுவர். அவர்க்குப் பவுல் அப்போஸ்தலன் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தை நினைவூட்டுவேன். அழியும் கிரீடத்திற்காக ஓடுவோரை அவர் உவமை காட்டுவது அவ்வதிகாரத்தின் இறுதியிலேதான். அதே அதிகாரத்தின் முற்பகுதியில், போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டலாகாது என்னும் பழங்கட்டளையை எடுத்துக்காட்டி, உழைப்பவனுக்குப் பலனில் உரிமை உண்டு என்று அவர் நிலைநாட்டுகின்றார். பின்னரே, அவ்வுரிமையைத் தாம் பயன்படுத்தவில்லை என்கின்றார். உரிமை முன்னது, துறவு பின்னது. அத்துறவும் அவர் தாமே மேற்கொண்டது. கொரிந்தியர் அவர்மீது சுமத்தியதன்று.

வேண்டா என்று விடுக்கும் பெருந்தன்மை வீரனுக்கு உரியதாயிருக்கட்டும். தருதற்குரியதைத் தரும் கடன் கல்லூரிக்கு உரியதாயிருக்கட்டும். வரும் ஆண்டில் நம் அணிகள் திடலுக்குப் புறப்படும்பொழுது, வழிச்செலவிற்குக் கடன் வாங்கி வந்தவர் ஒருவரும் அவற்றில் இல்லாதிருப்பாராக.