எஸ்.ஐ. மூட்டு வலி: ஆபரேஷன் யாருக்கு?

இடுப்பு வலி என்று வருபவரிடம், "வலிக்கிற இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்டுங்கள்" என்று மருத்துவர் சொல்வதுண்டு. பலர் உள்ளங்கையால் கீழ்முதுகு முழுக்கத் தடவிக் காட்டுவார்கள். சிலர் மட்டும் யோசிக்காமல் ஆட்காட்டி விரலை ஒரே புள்ளியில் வைப்பார்கள். சிலருக்கு இடுப்பின் பின்புறம் சின்னதாகக் குழி விழுமே, அதற்குச் சற்றுக் கீழே, உள்பக்கமாக. இன்னொரு தரம் கேட்டாலும் விரல் அதே இடத்துக்குத்தான் போகும். இதற்கு ஃபோர்ட்டின் விரல் சோதனை என்று பெயர். காசு செலவில்லாத இந்தச் சோதனை, எம்.ஆர்.ஐ. காட்டாத ஒன்றைச் சில சமயம் காட்டிவிடும்: வலி முதுகெலும்பில் இல்லை, அதற்குக் கீழே உள்ள சாக்ரோஇலியாக் மூட்டில் இருக்கிறது. மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக எஸ்.ஐ. ஜாயின்ட் என்பார்கள்.

அசைவு கொஞ்சம், சுமை அதிகம்

முதுகெலும்பின் அடியில் முக்கோண வடிவில் இருப்பது திருவெலும்பு. அதன் இரு பக்கமும் இடுப்பெலும்புகள் வந்து சேரும் இடங்களே இந்த மூட்டுகள். முழங்காலைப் போல மடங்கி நீளும் மூட்டு அல்ல இது. மொத்த அசைவே சில டிகிரி, சில மில்லிமீட்டர்தான். ஆனால் மேலுடம்பின் எடை முழுவதும் இதன் வழியாகத்தான் கால்களுக்கு இறங்குகிறது. வலுவான தசைநார்கள் அதை இறுக்கிப் பிடித்திருக்கின்றன.

அந்தப் பிடி தளர்ந்தாலோ, மூட்டு தேய்ந்தாலோ வலி தொடங்கும். கர்ப்ப காலத்தில் தசைநார்கள் இளகுவதால் பெண்களுக்கு இது கூடுதல். வழுக்கி உட்கார்ந்த வாக்கில் விழுந்தவர்கள், வண்டி விபத்தில் அடிபட்டவர்கள், ஒரு கால் சற்றுக் குட்டையாக இருப்பவர்கள் ஆகியோருக்கும் வரலாம். கீழ்முதுகில் எலும்புகளை இணைக்கும் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு, அங்கே நின்றுபோன அசைவின் பாரம் இந்த மூட்டின் மேல் விழுகிறது. "ஆபரேஷன் பண்ணியும் வலி போகலையே" என்று அலைபவர்களில் சிலருடைய கதை இதுதான்.

பழி விழுவது டிஸ்க் மேல்

நாள்பட்ட கீழ்முதுகு வலியில் 15 முதல் 30 சதவீதம் வரை இந்த மூட்டிலிருந்து வருவதாகக் கணக்கிடுகிறார்கள். அப்படியிருந்தும் பலர் இந்தப் பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1905-இல் கோல்ட்த்வைட், ஆஸ்குட் என்ற அமெரிக்க மருத்துவர்கள் முதுகு வலிக்கு இந்த மூட்டைக் காரணமாகக் காட்டினார்கள். 1934-இல் மிக்ஸ்டர், பார் இருவரும் முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதை விளக்கியதும், மருத்துவ உலகின் பார்வை மொத்தமாக டிஸ்க் பக்கம் திரும்பிவிட்டது.

ஸ்கேன் வந்த பிறகு நிலைமை இன்னும் மோசம் என்பேன். வலியே இல்லாத 40 வயதுக்காரர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தாலும் பாதிப் பேருக்கு டிஸ்க் கொஞ்சம் பிதுங்கித்தான் இருக்கும் என்று 2015-இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. ரிப்போர்ட்டில் "எல்-4, எல்-5 பல்ஜ்" என்ற வரியைப் பார்த்ததும் தேடல் அங்கேயே முடிந்துவிடுகிறது. எஸ்.ஐ. மூட்டு வலியும் பிட்டம், தொடை வரை, சிலருக்கு அதற்குக் கீழும் இறங்குவதால், டிஸ்க் நரம்பை அழுத்துவதால் காலில் இறங்கும் சயாட்டிகா வலி என்று முத்திரை குத்துவதும் சுலபம்.

இந்த வலிக்கென்று சில அடையாளங்கள் உண்டு. வலிக்கும் பக்கத்தைத் தூக்கி, ஒரு பிட்டத்தில் மட்டும் பாரம் வைத்து உட்காருவார்கள். படுக்கையில் புரளும்போதும், நாற்காலியை விட்டு எழும்போதும், மாடிப்படி ஏறும்போதும் சுரீரென்று இழுக்கும்.

உறுதி செய்வதுதான் பெரிய வேலை

மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, தொடை வழியாகக் கீழ்நோக்கி அழுத்துவது ஒரு சோதனை. ஒரு காலை மறுகால் மேல் போட்டு அகட்டி அழுத்துவது இன்னொன்று. இப்படிச் சில இருக்கின்றன. ஒன்றில் மட்டும் வலித்தால் அதை நம்ப முடியாது. மூன்று அல்லது அதற்கு மேல் பழகிய அதே வலியைக் கிளப்பினால் சந்தேகம் வலுக்கும்.

அடுத்தது ஊசி. எக்ஸ்ரே கருவியில் பார்த்தபடியே மூட்டுக்குள் மரப்பு மருந்தைச் செலுத்துவார்கள். மருந்து வேலை செய்யும் சில மணி நேரத்தில் வலி பாதிக்கு மேல், பல மையங்களின் கணக்கில் முக்கால்வாசி, குறைந்தால்தான் மூட்டுதான் காரணம் என்று எடுத்துக்கொள்வார்கள். அந்தச் சில மணி நேரம் வீட்டில் படுத்து ஓய்வெடுத்தால் சோதனையே வீண். வலியைக் கிளப்பும் வேலைகளைச் செய்து பார்த்து, எவ்வளவு குறைந்தது என்று எழுதிவைக்க வேண்டும்.

காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் இடுப்பு விறைத்துக் கிடந்து, நடக்க நடக்கச் சரியாகிறது என்றால் விஷயமே வேறு. குறிப்பாக இளம் வயதினருக்கு, அது ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற அழற்சி நோயாக இருக்கலாம். வாத நோய் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் காசநோயும் இந்த மூட்டைத் தாக்கும். காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்திருந்தால் முதலில் அதைப் பார்த்தாக வேண்டும்.

மூன்று முக்கோணக் கம்பிகள்

பெரும்பாலானோருக்குக் கத்தி தேவைப்படாது. பிசியோதெரபி, இடுப்பு பெல்ட், வலி மாத்திரை, மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி என்று ஆறு மாதமாவது முறையாக முயல வேண்டும். வலியைக் கடத்தும் சிறு நரம்புகளை ரேடியோ அலை வெப்பத்தால் செயலிழக்கச் செய்யும் சிகிச்சையும் உண்டு. நரம்பு மறுபடி வளரும் என்பதால் வலி திரும்பி வரலாம்.

எதற்கும் மசியாத வலிக்குத்தான் மூட்டை அசையாமல் இணைத்துவிடும் ஆபரேஷன். முன்பு பெரிதாகக் கீறி, இடுப்பிலிருந்தே எலும்பு எடுத்து வைப்பார்கள். அமெரிக்காவில் 2008-இல் அனுமதி பெற்ற ஐஃபியூஸ் முறை அதை மாற்றியது. நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, பிட்டத்தின் பக்கவாட்டில் சில சென்டிமீட்டர் மட்டும் கீறுகிறார்கள். சி-ஆர்ம் எக்ஸ்ரே கருவியின் திரையைப் பார்த்தபடி மெல்லிய வழிகாட்டி ஊசியை இடுப்பெலும்பு வழியாகத் திருவெலும்புக்குள் செலுத்தி, அதே பாதையில் டைட்டேனியம் கம்பிகளை, வழக்கமாக மூன்றை, தட்டி இறக்குகிறார்கள். கம்பி உருண்டையாக இருந்தால் எலும்புக்குள் சுழன்று தளரக்கூடும். அதனால் முக்கோண வடிவம். அதன் சொரசொரப்பான மேற்பரப்பில் நாளடைவில் எலும்பு வளர்ந்து பற்றிக்கொள்ளும். ஆபரேஷனுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். பிறகு சில வாரங்களுக்கு ஊன்றுகோலுடன், அந்தக் காலில் முழுப் பாரம் வைக்காமல் நடக்க வேண்டும்.

கீறல் சிறியதுதான், ஆபத்தும் சிறியது என்று அதற்கு அர்த்தமில்லை. கம்பி சில மில்லிமீட்டர் தவறினால் திருவெலும்பை ஒட்டி இறங்கும் நரம்பைத் தொட்டுவிடும். ரத்தக் கசிவு, தொற்று, கம்பி தளர்வு ஆகியவற்றால் மறு ஆபரேஷனும் தேவைப்படலாம். சிகிச்சைகளை மதிப்பிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2017-இல் இம்முறையை ஏற்றபோதும், நோய் உறுதியானவர்களுக்கு மட்டுமே, தனிப்பயிற்சி பெற்றவர் மட்டுமே செய்ய வேண்டும் என்று சொன்னது.

போலி ஆபரேஷனிலும் குறைந்த வலி

அமெரிக்காவில் 148 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், ஆறு மாத முடிவில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேருக்கும், மற்ற சிகிச்சை பெற்றவர்களில் கால்வாசிப் பேருக்கும் நல்ல பலன் தெரிந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆய்வுக்குப் பணம் கொடுத்தது கம்பி தயாரிக்கும் நிறுவனம். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதும் நோயாளிகளுக்குத் தெரியும்.

நார்வே, சுவீடன் மருத்துவர்கள் அந்த ஓட்டையை அடைத்தார்கள். 63 பேரில் ஒரு பாதிக்கு உண்மையான ஆபரேஷன். மறுபாதிக்கு மயக்க மருந்து கொடுத்து, தோலைக் கீறித் தையல் போட்டு அனுப்பினார்கள், கம்பி வைக்கவில்லை. யாருக்கு எது என்பது நோயாளிகளுக்குத் தெரியாது. 2024-இல் வெளியான முடிவின்படி, ஆறு மாதத்தில் இரு தரப்புக்குமே வலி குறைந்திருந்தது. வலியை 10-க்கு மதிப்பிட்ட அளவுகோலில் இடையிலான வித்தியாசம் ஏறக்குறைய 1 புள்ளி. புள்ளியியல்படி அதைப் பெரிதாகச் சொல்ல முடியாது.

சிறிய ஆய்வுதான், இதை வைத்து ஆபரேஷனே வீண் என்று ஒதுக்க மாட்டேன். ஆனால் "சின்ன ஓட்டைதான், மறுநாள் வீட்டுக்குப் போய்விடலாம்" என்ற பேச்சை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடவும் மாட்டேன். முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: ஊசி போட்டபோது என் வலி எத்தனை சதவீதம் குறைந்தது, அது எங்கே எழுதியிருக்கிறது? இந்த ஆபரேஷனை நீங்கள் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? அவர்களில் எத்தனை பேருக்கு மறுபடி செய்ய நேர்ந்தது? இதைக் கேட்டதற்காக எந்த நல்ல மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். முதல் கேள்விக்கே பதில் இல்லையென்றால், தேதி குறிக்கும் முன் இன்னொரு மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.