நூலின் ஒழுங்கும் அலைமாலையும்

கொங்கு நாட்டின் பொருள் வாழ்வு பஞ்சையும் நூலையும் சார்ந்து வளர்ந்தது என்பதை நாம் அனைவரும் அறிவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கோவையில் தோன்றிய நூற்பாலைத் தொழில், 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் பல்கிப் பெருகியது. 1956இல் சிட்ரா எனப்படும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் இங்கு நிறுவப்பெற்றது.

தமிழ்த்துறை மலரில் நூற்பாலைச் செய்திக்கு இடமுண்டோ என்று சிலர் வினவலாம். இழையையும் ஏட்டையும் ‘நூல்’ என்னும் ஒரே சொல்லால் வழங்கும் மொழி நம்முடையது. நன்னூலின் பாயிரப் பகுதி, சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்பவளாகவும் அறிவைக் கதிராகவும் உருவகம் செய்கிறது. ஏட்டைப் பிழையறப் படிப்பது போலவே இழையையும் பிழையறப் படிக்கும் முறை ஒன்று உண்டு. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குறை எங்கே?

எந்த நூலும் நெடுகிலும் ஒரே பருமனுடையதாக இருப்பதில்லை. சற்றே தடித்தும் மெலிந்தும் செல்லும். அவ்வேறுபாடு தாறுமாறாக இருப்பின் துணியில் அத்துணை வெளிப்படாது. ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வருமாயின், சாயமேற்றிய பின்னல் துணியில் வரிகளாகவும் திட்டுகளாகவும் பளிச்சிடும். திருப்பூரில் துணி பின்னிய பிறகு இது வெளிப்பட்டால் சரக்கு திரும்பி வரும். ஆலைக்கு இழப்பு நேரும். இறுதியில் பழி யாரேனும் ஒரு தொழிலாளியின் தலையில் விழும். ஆகவே குறை எந்த எந்திரத்தின் எந்த உறுப்பில் பிறந்தது என்று சரியாகக் காண்பது பொருளாதாரச் சிக்கல் மட்டுமன்று. நீதியைச் சார்ந்த சிக்கலுமாகும்.

இதனைக் காணும் கருவி, இரு மின்தகட்டுகளுக்கு இடையே நூலைச் செலுத்தி, தகடுகளின் மின்கொள்ளளவு மாறுவதைக் கொண்டு நூலின் பொருள்நிறை மாறுவதை அளக்கிறது. சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரப் பெயரால் இக்கருவி நம் ஆலைகளில் வழங்குகிறது. நிமிடத்திற்கு 400 மீட்டர் நூல் ஓடுவது வழக்கமான வேகம். ஓடிய நூலின் நிறை, எண்களின் நீண்ட வரிசையாகப் பதிவாகிறது. அவ்வரிசையிலிருந்து கருவி ஒரு படம் வரைகிறது. எந்த இடைவெளியில் எவ்வளவு ஏற்றத்தாழ்வு உள்ளது என்று காட்டும் இப்படத்தை ஆலையினர் ஸ்பெக்ட்ரோகிராம் என்பர். நாம் அலைமாலை என்போம்.

எத்துணைச் சிக்கலான ஏற்ற இறக்கத்தையும் பல எளிய அலைகளின் கூட்டாகப் பிரித்துக் காட்டலாம் என்பது ஃபூரியர் என்னும் பிரெஞ்சு அறிஞரின் கொள்கை. வெப்பம் பரவுதல் பற்றி 1822இல் அவர் வெளியிட்ட நூலில் இது விரிவாக இடம்பெற்றது. 1965இல் கூலி, டூக்கி என்னும் இருவர் வெளியிட்ட விரைவுக் கணக்கு முறை, இப்பகுப்பைக் கணினிகளுக்கு எளிதாக்கியது.

அலைமாலையைப் படித்தல்

அலைமாலையில் இருவகை உருவங்கள் தோன்றும். ஒன்று, புகைபோக்கி போல ஒடுங்கி உயர்ந்த கூர்முகடு; இஃது எந்திர உறுப்பின் குறையைக் காட்டும். மற்றொன்று, அகன்ற குன்று. இழுபடும் இடத்தில் நார்கள் கட்டுப்பாடின்றி நகர்வதால் எழுவது. பருத்தியில் இக்குன்று நாரின் சராசரி நீளத்தைப் போல் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று மடங்கு நீளத்தில் அமையும்.

கூர்முகட்டின் இடத்திலிருந்து உறுப்பைக் கண்டறியும் கணக்கு எளிது. ஸ்பின்னிங் எந்திரத்தின் முன்உருளை 27 மில்லிமீட்டர் விட்டமுடையது எனக் கொள்வோம். அதன் சுற்றளவு 8.5 சென்டிமீட்டர். அது மையம் விலகிச் சுழன்றால், 8.5 சென்டிமீட்டருக்கு ஒருமுறை நூல் தடித்து மெலியும். பின்உருளையும் அதே விட்டமுடையது, இழுப்பு 30 மடங்கு எனின், பின்உருளைக் குறை 8.5 சென்டிமீட்டரின் 30 மடங்காகிய ஏறத்தாழ இரண்டரை மீட்டரில் தோன்றும். அதற்கு முந்தைய டிராபிரேமில் 50 மில்லிமீட்டர் உருளை பழுதெனின், அதன் சுற்றளவான 15.7 சென்டிமீட்டர், சிம்ப்ளக்ஸில் 10 மடங்கும் ஸ்பின்னிங்கில் 30 மடங்கும் நீண்டு, நூலில் 47 மீட்டருக்கு ஒருமுறை வெளிப்படும். குறை எத்துணை முன்னே பிறந்ததோ அத்துணை நீளமாக நூலில் வந்து நிற்கிறது.

ஒரு குறைக்கு ஒரு முகடுதான் தோன்றும் என்று எண்ணுதல் தவறு. ரப்பர் உருளையில் ஒரே இடத்தில் வெட்டுக் காயம் இருந்தால், எழும் ஏற்ற இறக்கம் மென்மையான அலையாக இராது. சுற்றுக்கொரு முறை வரும் அடி போன்றிருக்கும். அப்போது 8.5 சென்டிமீட்டரில் ஒரு முகடும், அதன் பாதியில் ஒன்றும், மூன்றில் ஒரு பங்கில் ஒன்றும் தோன்றும். முகடுகள் மூன்று, காயமோ ஒன்றே.

எல்லையுள்ள சான்று

இனி, நாம் வலியுறுத்த விழையும் கருத்துக்கு வருவோம். ஓடும் நூலுக்கு எல்லை இல்லை. அளந்த நூலுக்கோ எல்லை உண்டு. 400 மீட்டர் அளந்தால், அந்த 400 மீட்டரில் முழுமையாக ஒருமுறை, இருமுறை, மும்முறை வரும் அலைகளை மட்டுமே கணக்கு தன் அளவுகோலாகக் கொள்கிறது. எட்டு முறை வருவது 50 மீட்டர் அலை. ஒன்பது முறை வருவது 44.4 மீட்டர் அலை. இவ்விரண்டிற்கும் இடையே அதற்கு இருக்கை இல்லை.

நம் டிராபிரேம் குறையோ 47 மீட்டரில் நிற்கிறது. 400 மீட்டரில் அஃது எட்டரை முறை வருகிறது. இருக்கை கிட்டாமையால் அதன் வலிமை 50இலும் 44.4இலும் ஏறத்தாழச் சமமாகப் பகிரப்பட்டு, எஞ்சியது அக்கம்பக்கத்திலும் கசிகிறது. முகட்டின் உயரமும் உண்மையைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்து தெரிகிறது. இதைப் பார்ப்பவர் இரு சிறு குறைகள் இருப்பதாகக் கருதி, நல்ல உறுப்புகள் இரண்டைக் கழற்றி, பழுதான உருளையை விட்டுவிடக்கூடும். முன்உருளைக் குறையோ அதே 400 மீட்டரில் நாலாயிரத்து எழுநூறு முறை வருகிறது. அதில் ஐயத்திற்கு இடமில்லை. ஆகவே படத்தில் முகடு எவ்வளவு உயரம் என்று கேட்பதற்கு முன், அளந்த நீளத்தில் அது எத்தனை முறை வந்தது என்று கேட்பதே முறை.

கசிவைக் குறைக்க, பதிவின் இரு முனைகளையும் படிப்படியாகத் தாழ்த்தும் கணக்கு முறை ஒன்று உண்டு. அது கசிவைக் குறைக்கும். முகட்டைச் சற்றே அகலமாக்கிவிடும். பதிவின் பின்னே சுழியங்களைச் சேர்த்துப் படத்தை நெருக்கமான புள்ளிகளால் வரைவாரும் உளர். படம் வழவழப்பாகும், புதிய செய்தி ஏதும் அதில் வாராது. மிக அருகிலுள்ள இரு குறைகளைப் பிரித்தறிய வேண்டுமெனில், கூடுதல் நூலை அளப்பதே வழி. 2000 மீட்டர் அளந்தால் இருக்கைகள் 47.6, 46.5 என நெருங்கிவிடுகின்றன. 40 கவுண்ட் நூலில் 2000 மீட்டர் என்பது 30 கிராம்தான். ஐந்து நிமிடப் பொறுமையும் முப்பது கிராம் நூலும் ஒரு தவறான தீர்ப்பைத் தடுக்கும்.

குன்றைப் படிப்பதில் வேறோர் எச்சரிக்கை தேவை. குன்று தற்செயல் வேறுபாட்டால் எழுவது. ஒரு கண்டு நூலில் அதன்மேல் தோன்றும் சிறு முட்கள் அடுத்த கண்டில் இடம் மாறிவிடும். நூலின் நீளத்தைக் கூட்டுவதால் மட்டும் அவை மறையா. பல கண்டுகளை அளந்து சராசரி காண வேண்டும். எல்லாக் கண்டுகளிலும் ஒரே இடத்தில் நிற்பதே நம்பத்தக்க முகடு.

அளவிடும் இடைவெளியும் நம்மை ஏமாற்றவல்லது. தொல்காப்பியர் எழுத்தொலியின் மாத்திரையைக் கண் இமைப்பாலும் கை நொடியாலும் அளந்தார்; அளவுகோலைவிட நுண்ணியதை எக்கோலும் காட்டாது. நூலைச் சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளியாகக் குறித்தால், இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைந்த அலையைச் சரியாக அறிய முடியாது. 1.1 சென்டிமீட்டர் அலை மறைந்துபோவதோடு நில்லாமல், 11 சென்டிமீட்டர் அலையாக வேடமிட்டு வரும். திரைப்படத்தில் முன்னோக்கி ஓடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதாகத் தோன்றுவதும் இதே காரணத்தால்தான். வேடமிட்ட பின் அதனைப் பிரித்தறியக் கணக்கால் இயலாது. அளக்கும்போதே நுண்ணிய ஏற்ற இறக்கங்களை வடிகட்டி நீக்கிவிட வேண்டும்.

நிறைவாக

அலைமாலை நூலைப் பற்றிய சான்று, தீர்ப்பு அன்று. எவ்வளவு நீளம் அளந்தோம், எத்தனை கண்டுகள் அளந்தோம், எவ்வளவு நெருக்கமாக அளந்தோம் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பிறகே அச்சான்று பேசத் தகுதி பெறுகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் நம் மாணவர் பலரின் குடும்பங்கள் இத்தொழிலால் வாழ்கின்றன. நாளை அவர்களுள் சிலர் இத்தகைய படத்தைக் கையில் ஏந்தி, எந்த உருளையைக் கழற்றுவது, யாரைக் கேள்வி கேட்பது என்று முடிவு செய்யும் இடத்தில் இருப்பர். சிறு சான்றிலிருந்து பெரிய முடிவுக்குத் தாவாத நிதானம் அவர்களுக்கு வாய்க்க வேண்டும். ஒரு பாடலில் ஓரடியை மட்டும் படித்துப் புலவன் கருத்தை உரைக்கத் துணியாத தமிழ்ப் பயிற்சி, அந்நிதானத்தை வளர்க்கும் என்பது நம் நம்பிக்கை.