அக்டோபரில் திறந்த கதவு: 25 விழுக்காடு யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

2025 ஜூன் மாதம் பள்ளிகள் திறந்தபோது, கல்வி உரிமைச் சட்டத்தின் கீழான 25 விழுக்காட்டு இடங்களுக்குத் தமிழ்நாட்டில் விண்ணப்பமே பெறப்பட்டிருக்கவில்லை. வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் இணையத்தில் விண்ணப்பித்து, குலுக்கல் முடிந்து, ஜூனில் குழந்தை வகுப்பில் அமர்ந்திருக்கும். அந்த ஆண்டு தாம்பரத்திலும் சேலையூரிலும் பெருங்களத்தூரிலும் சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் வாங்கி வைத்துக்கொண்டு பெற்றோர் காத்திருந்தனர். அக்டோபரில்தான் அறிவிப்பு வந்தது. அதில் ஒரு நிபந்தனையும் வந்தது: நடப்புக் கல்வியாண்டில் ஏற்கெனவே அந்தந்தத் தனியார் பள்ளியின் நுழைவு வகுப்பில் சேர்ந்து படிக்கும் குழந்தைகளுக்கே இந்த வாய்ப்பு, வசூலித்த கட்டணத்தைப் பள்ளி திருப்பித் தர வேண்டும்.

மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான ஏற்பாடாகத் தோன்றும். ஆனால் அக்டோபரில் ஒரு குழந்தை தனியார் பள்ளி எல்.கே.ஜி.யில் இருக்க வேண்டுமென்றால், ஜூனில் அதன் பெற்றோர் கையில் பணம் இருந்திருக்க வேண்டும். பணம் இல்லாதவருக்காக இயற்றப்பட்ட உரிமை, பணம் கட்டியவருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தரும் திட்டமாக மாறியது. கடன் வாங்கிச் சேர்த்தவர்களுக்கு அது பயன்பட்டிருக்கும், அதை மறுக்கவில்லை. வீட்டு வேலை செய்யும் தாய், ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி, கட்டடத் தொழிலாளி ஆகியோரின் குழந்தைகள் அங்கன்வாடியிலேயே இருந்தனர். சேலையூரைச் சேர்ந்த ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "அப்போ பள்ளிக்கூடத்துல சேர்த்த பிறகுதான் சேர்க்கச் சொல்லிக் கேக்கணுமா சார்?" சட்டம் படித்த என்னிடம் அதற்குப் பதில் இல்லை.

சட்டம் சொல்வது தெளிவானது. 2002-ஆம் ஆண்டின் 86-ஆவது திருத்தம் அரசமைப்பில் 21-அ பிரிவைச் சேர்த்தது. அதை நடைமுறைப்படுத்த 2009-இல் இயற்றப்பட்ட சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளது. அதன் 12(1)(இ) பிரிவின்படி, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் முதல் வகுப்பில் குறைந்தது 25 விழுக்காட்டு இடங்களை, அண்மைப் பகுதியில் வசிக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட, நலிவடைந்த பிரிவுக் குழந்தைகளுக்குத் தர வேண்டும். மழலையர் வகுப்பு உள்ள பள்ளியானால் அங்கிருந்தே தர வேண்டும். செலவை அரசு ஈடுசெய்யும். தனியார் பள்ளிகள் இதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 2012 ஏப்ரல் 12 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் இப்பிரிவு செல்லும் என்றது.

நுழைவு வகுப்பு என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மூன்றரை வயதில் எல்.கே.ஜி.யில் நுழையத் தவறிய குழந்தைக்கு அடுத்த ஆண்டு அதே வாசல் கிடையாது. கல்லூரி இடஒதுக்கீட்டில் ஓராண்டு தவறினால் மறு ஆண்டு விண்ணப்பிக்கலாம். இங்கே தாமதமே மறுப்பாகிவிடுகிறது.

தாமதத்திற்குக் காரணம் பணம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒன்றிய அரசின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40. தேசியக் கல்விக் கொள்கையோடு பிணைந்த பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திட மறுத்ததால், 2024-25-க்குரிய சுமார் 2,152 கோடி ரூபாய் நிறுத்தி வைக்கப்பட்டது. கொள்கைத் தகராறுக்காகக் குழந்தைகளின் பணத்தைப் பிடித்து வைப்பது மிரட்டல்தான். ஆனால், மாநிலமும் அந்தப் பணம் வராததைக் காட்டிச் சேர்க்கையை நிறுத்தியதை நாம் பேசாமல் விட முடியாது. 2025 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு இரண்டையும் சொன்னது: கல்வி உரிமைச் சட்டத்திற்கான தொகையைப் பெரிய திட்டத்திலிருந்து பிரித்து விடுவிப்பதை ஒன்றியம் பரிசீலிக்க வேண்டும், நிதி வரவில்லை என்பதைக் காட்டி மாநிலம் தன் பொறுப்பிலிருந்து விலக முடியாது. சமூக நீதி பேசும் அரசுக்கு இந்த இரண்டாம் பாதி உறுத்தியிருக்க வேண்டும்.

வழக்கமான ஆண்டுகளிலும் சிக்கல் உண்டு. வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு என்பதில் பட்டியல் சாதியினர், பழங்குடியினரோடு பிற்படுத்தப்பட்டோரும் மிகப் பிற்படுத்தப்பட்டோரும் அடங்குவர். ஆதரவற்ற குழந்தைகளும் துப்புரவுத் தொழிலாளரின் குழந்தைகளும் உண்டு. நலிவடைந்த பிரிவுக்கு ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இந்தப் பட்டியலுக்குள் தலித் குழந்தைகளுக்கெனத் தனிப் பங்கு எதுவும் சட்டத்தில் இல்லை. எல்லாரும் ஒரே குலுக்கல் பெட்டிக்குள்.

அதோடு அந்த 1 கிலோமீட்டர். விண்ணப்பிப்பவரின் வீடு பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். சாதியால் பிரிந்து கிடக்கும் ஊரில் தூரம் நடுநிலையான அளவுகோல் அன்று. பெரும்பாக்கத்தைப் பாருங்கள். கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களை, அவர்களில் மிகப் பலர் தலித்துகள், அரசே கொண்டுவந்து அடுக்குமாடித் தொகுதிகளில் அடைத்தது. அங்கே ஒரே வட்டத்துக்குள் ஆயிரக்கணக்கான தகுதியுள்ள குடும்பங்கள் சில பள்ளிகளின் சொற்ப இடங்களுக்குப் போட்டியிட வேண்டும். வசதியானோர் வாழும் புறநகர்த் தெருவிலுள்ள பள்ளியைச் சுற்றியோ தகுதியுள்ள வீடுகளே குறைவு. நகருக்குள் இருந்தபோது அருகில் இருந்த பள்ளியை வெளியேற்றம் பறித்தது; இப்போது குடியேற்றிய இடத்தையே காரணம் காட்டி வேறு பள்ளியையும் இந்த விதி மறுக்கிறது.

சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று 2014 மே மாதம் பிரமதி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. தாம்பரம் போன்ற பகுதியில் இதன் விளைவு சிறியதன்று. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை ஐயுற்று, பெரிய அமர்வின் பரிசீலனைக்காகத் தலைமை நீதிபதியிடம் அனுப்பியிருக்கிறது.

இடம் கிடைத்தபின் நோட்டுப் புத்தகம், சீருடை, "செயல்பாட்டுக் கட்டணம்" என்று வேறு பெயரில் ரசீது வரும். குழந்தை தொடக்கக் கல்வியை முடிக்கத் தடையாகும் எந்தக் கட்டணமும் கூடாது என்கிறது 3(2) பிரிவு. சீருடை, புத்தகச் செலவும் அரசுக்குரியதே என்று 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் கூறியது. எட்டாம் வகுப்போடு உரிமை முடிகிறது. ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணம். பத்தாண்டுகள் உடன் படித்த நண்பர்களை விட்டுப் பதினான்கு வயதில் வேறு பள்ளி தேட வேண்டிய நிலை தலித் குழந்தைக்கு என்ன செய்யும் என்பதைச் சட்டம் யோசிக்கவில்லை.

பொதுப்பணத்தைத் தனியாருக்குக் கொடுக்கும் இந்தப் பிரிவே வேண்டாம், அரசுப் பள்ளிகளை வலுப்படுத்துவோம் என்று தோழர்கள் சிலர் வாதிடுகின்றனர். அரசுப் பள்ளி வலுப்பட வேண்டும் என்பதில் எனக்கு வேறு கருத்து இல்லை. ஆனால் நம் பிள்ளைகள் மட்டும் ஒருபுறம், மற்றவர்கள் மறுபுறம் என்றாகிவிட்ட ஊரில், ஒரே பெஞ்சில் உட்காரும் வாய்ப்பைத் தரும் வெகுசில சட்ட வழிகளில் இதுவும் ஒன்று. அதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

களத்தில் இருப்போர் செய்யக்கூடியவை சில உண்டு. சேர்க்கை அறிவிப்பு வருமுன்பே பிறப்பு, சாதி, வருமானம், இருப்பிடச் சான்றுகளைத் தயார் செய்ய முகாம் நடத்தலாம். வாரிய வீடுகளுக்கு மாறியோரின் குடும்ப அட்டை முகவரியைத் திருத்துவதுதான் அதிக நாள் பிடிக்கும். குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைத்தால் 13-ஆம் பிரிவின் கீழ் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. 32-ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் முறையிட்டு, தீர்வு இல்லையெனில் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். எல்லாவற்றுக்கும் முன்பாக, 2025 அக்டோபர் சேர்க்கையில் செங்கல்பட்டு மாவட்டத்தில் இடம் பெற்றவர்களில் பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகள் எத்தனை பேர் என்று பள்ளிவாரியாகக் கேட்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கட்டணம் பத்து ரூபாய்.